ஒருத்திக்கு வந்த அழைப்பு

பல்கலைக்கழகத்தில் 'அப்பேரோ' என்று ஒரு சிற்றுண்டி விருந்து வைப்பார்கள். பாதி மாணவர்கள் கிளாஸைப் பிடித்தபடி சுவரோரம் நிற்பார்கள். நான் முன்பின் தெரியாதவரிடமும் போய்க் கதைக்கத் தொடங்கிவிடுவேன். எப்படி முடிகிறது என்று தோழிகள் கேட்பார்கள். என் குடும்பத்தோடு வளர்ந்தால் வராமல் என்ன செய்யும்? என் கூச்சமெல்லாம் ஒன்பது வயதிலேயே, ஒரே பின்னேரத்தில், போய் முடிந்துவிட்டது.

அப்போது ஷ்லீரன் என்ற சுவிஸ் ஊரில் இருந்தோம். வகுப்புத் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு என்னை அழைத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டு, ஐந்து மணிக்குக் கூட்டி வர வேண்டும். ஒரு கிழமையாக இதை விளக்கியும் அப்பாவுக்கு ஏறவில்லை.

"பிள்ளையை விட்டிட்டு வாசலோட திரும்பிறதோ? அதுகள் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

ஆகவே எல்லோரும் வெளிக்கிட்டோம். அப்பா கோட் போட்டார். அம்மா கலியாண வீடுகளுக்குக் கட்டும் பட்டுச்சேலையில் வந்தார். தம்பியும் வந்தான். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா, அன்று வேலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, வீட்டில் பொரித்த ரோல்ஸைப் பெரிய பெட்டி நிறையச் சுமந்து வந்தார்.

கதவைத் திறந்த தோழியின் தாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேலும் கதிரைகள் எடுத்து வந்தார்.

சங்கீதக் கதிரை விளையாட்டில் சித்தப்பாவும் சேர்ந்தார். சேர்ந்ததோடு நிற்காமல் வென்றும்விட்டார். பிறந்தநாள்காரி அழுதாள். அப்பாவோ அவளுடைய தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவர்களின் மொழி தெரியாததால், மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் ஒரு பிள்ளையோட நிப்பாட்டினவை எண்டு கேள்."

கேக் வீட்டில் செய்ததா என்று அப்பா கேட்கிறார் என்று தோழியின் தகப்பனிடம் மாற்றிச் சொன்னேன். ஓம், மனைவி செய்தது என்றார் அவர். ஒரு பிள்ளையோடு போதும் என்று வைத்தியர் சொன்னாராம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா அவரின் தோளைத் தட்டி ஆறுதல் கூறினார்.

அம்மா எழுந்து கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார். தோழியின் தாய் அவற்றைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அம்மாவைக் கதிரையில் இருத்திக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். ஐந்து மணியானது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் நின்றே கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அசையவில்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்தேன்.

"அம்மா, போவம். எல்லாரும் போயிட்டினம்."

"கொஞ்சம் இரு பிள்ளை. கோப்பி ஊத்தித் தந்தவா, குடிச்சிட்டு வாறன்."

கோப்பை எப்போதோ காலியாகியிருந்தது. வீட்டில் தேநீரைக்கூட நின்றபடி குடிப்பவர், அங்கே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்படிப்பட்ட வீடுகளுக்குள் அம்மா அதுவரை தரை துடைக்க மட்டுமே போயிருந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பேருந்து நிறுத்தம் வரை எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.