பொறுமையின் சிகரம்

சுரண்டையிலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இரண்டு கல்லூரி மாணவிகள். நாளைக்குப் புராணப் பாடத்தில் பரீட்சையாம்.

"ஏட்டி, கதையில வீரன் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டா தர்மமாம். அவ திருப்பிக் கேட்டா அடங்காப்பிடாரியாம். அநியாயம்னு எழுதப் போறேன்."

"எழுது, பெயிலாயிருவ. பொறுத்துப் போற பொண்டாட்டிய 'பொறுமையின் சிகரம்'னு போடுட்டி."

முதலாமவள் என்னிடம் திரும்பினாள். "தாத்தா, நீங்க சொல்லுங்க. எத எழுதட்டும்?"

அவள் நினைப்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் அந்தக் காலத்து நியாயம், பிறகு உரைகாரர்களின் கருத்து என்று வரிசையாகத் தொடங்கினேன். முடிவுக்கு வருமுன் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

"சரி தாத்தா, பொறுமையின் சிகரம்னே எழுதிருதேன்." இறங்கிப் போய்விட்டாள்.

'நீ நினைப்பதையே எழுது.' இந்த மூன்று வார்த்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு வாயில் வருகிறது. உங்களில் யாருக்காவது பஸ் நிற்பதற்குள் வருமா?