மூன்றாம் அறையில் எவாந்தியா

மானிக் கடற்கரையில், லிமேரி என்னும் ஊரின் கடைசி வளைவில் பாந்தெலிஸின் வீடு. வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட அதில் ஏழு அறைகள். விருந்தாளிகளை வரவேற்றுப் பேசுவது பாந்தெலிஸின் வேலை. மற்றதெல்லாம் அவன் மனைவி எவாந்தியாவின் தலையில்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு முழங்கால் இரண்டும் போயிருந்தன. குளிர்காலத்தில் ஆலிவ் மரத்தடியில் வலை விரித்து, காயை உதிர்த்து, மூட்டை சுமந்தாள். கோடையில் படுக்கை விரிப்புகள். ஆகஸ்டில் கிணறு உப்பேறிவிடும். அந்தத் தண்ணீரில் துவைத்த துணி காய்ந்ததும் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை உதறி உதறியே அவள் தோள்பட்டை கழன்றது.

மாதா திருவிழாவுக்கு மறுநாள். முந்தைய நாள் முழுவதும் கோயில் முற்றத்தில் ஊருக்கே ஆட்டுக்கறி சமைத்தவள், விடிந்ததும் நான்கு அறைகளைக் காலி செய்து கூட்டினாள். மூன்றாம் அறையில் விரிப்பின் ஒரு முனை மெத்தைக்கடியில் போகாமல் முரண்டு பிடித்தது. இழுப்பதற்காகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டு மணிக்கு ஹாலந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து இறங்கினார்கள். பாந்தெலிஸ் வழக்கமான சிரிப்போடு, "படுத்தபடியே கடலைப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தான். கட்டிலில் அவன் மனைவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய்த் தோளை உலுக்கினான். "எழுந்திரு, ஆளு வந்துட்டாங்க!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வந்தா உக்காரச் சொல்லு."

அந்த ஹாலந்து அம்மாள் உதட்டில் விரலை வைத்து அவனை வெளியே இழுத்தாள். கணவனும் மனைவியும் பெட்டிகளோடு அத்திமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பாந்தெலிஸ் பக்கத்துக் கடைக்கு ஓடித் தங்கை காரிஃபாலியாவைக் கூட்டிவந்தான். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணிக்கு மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தூங்கட்டும். நீ போய் மத்த ரூமுக்கு விரிப்பைப் போடு."

"எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்?"

"முப்பது வருஷமா பக்கத்துல நின்னு வேடிக்கைதானே பாத்தே? கண்ணு தெரியாதா உனக்கு?"

சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போய்விட்டாள். பாந்தெலிஸ் தலையணை உறையோடு மல்லுக்கட்டினான். பார்க்கச் சகிக்காமல் ஹாலந்துக்காரர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். சாலையோர அறையே போதும் என்று அவர்கள் அங்கே தங்கிக்கொண்டார்கள்.

எவாந்தியா விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னல் பலகைகளின் இடுக்கில் கடல் தெரிந்தது. இத்தனை வருடங்களில் அந்தக் கட்டிலிலிருந்து அவள் கடலைப் பார்த்ததே இல்லை. முதலில் வெட்கம் வந்தது. பிறகு யார் மீதென்று தெரியாத கோபம். இரண்டும் போன பிறகும் அசதி மட்டும் போகவில்லை.

முற்றத்தில் பாந்தெலிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுமே. விரிப்பெல்லாம் போட்டியா?"

"போட்டேன்."

"கோணலாத்தான் போட்டிருப்பே. பரவால்ல. மூணாம் ரூமு இனிமே வாடகைக்கு இல்ல."

"ஆகஸ்ட் மாசத்துலயா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"ஆமாய்யா, கெட்டுத்தான் போச்சு. சாவியைக் கொடு."

அவன் கொஞ்ச நேரம் முறைத்தான். அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் கொடுத்தான்.

அந்தக் கோடை முடியும்வரை மதியம் இரண்டு முதல் ஐந்துவரை அவள் அந்த அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தாள். காப்பிக் கடையில், "என்ன பாந்தெலிஸ், புது விருந்தாளி நல்லா தூங்குறாங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். விரிப்புப் போடும் வேலை அவனிடமே தங்கிவிட்டது.

நவம்பரில் ஆலிவ் வேலை வந்தது. அதே வலை, அதே மூட்டை. தோள்வலியும் குறையவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் தோப்பிலிருந்து நனைந்தபடி திரும்பியவள், நேராக மூன்றாம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. கம்பளிக்குள் சுருண்டு, கீழே பாறையில் அலை மோதுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.