அப்பா கொடுத்த எலும்பு

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் முதுகு ஒரு பக்கமாக வளைந்து, வலது தோள் மேலேறி நின்றது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தார்கள். அப்படி ஒட்டுவதற்கு இடையில் வேறு எலும்புத் துண்டுகள் வேண்டுமாம்.

"அது என்னோடதுதான் கண்ணு. இடுப்புல வெட்டிக் குடுத்தேன்" என்றார் அப்பா. ஒரு மாதம் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நொண்டினார். ஒரு நாள் இடது கால், மறுநாள் வலது கால். அதைப் பார்த்தும் யோசிக்காத முட்டாள் நான். பார்க்க வந்த சொந்தமெல்லாம், "பொறந்தா இப்படியொரு அப்பனுக்குப் பொறக்கோணும்" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. அப்பாவோ பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சம்பந்தம் பேசிவிட்டார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். அவர் திட்டவில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டு, "எலும்பையே குடுத்தவன் உனக்குக் கெடுதல் நெனப்பனா?" என்றார். கல்லூரிக் கடிதத்தை நானே கிழித்துப் போட்டேன்.

முதல் பிரசவத்துக்கு முன், எனக்கு முதுகில் மயக்க ஊசி போடலாமா என்று பார்க்க டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டார். அதுவரை நான் அதைப் பிரித்ததே இல்லை.

"தானமா வந்த எலும்பு வச்சிருக்காங்க" என்றார்.

"எங்கப்பா குடுத்ததுங்க."

"இல்லம்மா. இறந்தவங்களோடது. சுத்தம் பண்ணி எலும்பு வங்கியில வச்சிருப்பாங்க. சம்மதம்னு உங்கப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரே."

செத்தவர் எலும்பு என்று எனக்கு அருவருப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொணத்து எலும்புன்னு தெரிஞ்சா உன்னைய எவன் கட்டுவான் கண்ணு? அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

"ஊருக்குச் சொன்னீங்க, சரிங்கப்பா. எங்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அப்பா இன்னொரு வாய் சோறு எடுத்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"செத்துப்போன அந்த மகராசன் என் முதுகையே நிமித்திவுட்டுட்டு எங்கிட்ட ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க ஒண்ணுமே குடுக்காம என் படிப்ப வாங்கிட்டீங்க."