வெள்ளிக்கிழமைக் குப்பை

மெரினாவுக்குப் பிரதேச சபை கொடுத்த வேலை, டிராக்டரின் பின்னால் நின்று குப்பை ஏற்றுவது. ஊர் கொடுத்த வேலை பஞ்சாயத்து. இரண்டாவதைக் கொடுக்கும்போது யாரும் அவளிடம் விருப்பம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் மாட்டேன் என்றா சொல்லியிருப்பாள்? வாய்க்கு வேலை இருந்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

றக்வானவுக்கு ஏறும் பாதையில், இறப்பர் தோட்டம் முடிகிற வளைவில் இருக்கிறது அந்தச் சின்ன பசார். மெரினா அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண். பால் வெட்டப் போன காலத்தில் மலைக்கு மலை கத்திப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. சிங்களமும் தண்ணீர் மாதிரி வரும். இந்த இரண்டையும் கண்டுபிடித்தவர் குப்பைப் பிரிவுக்குப் பொறுப்பான பந்துல மாத்தயா. தங்கமான மனிதர்தான். ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் நழுவிவிடுவார். "எங்க வீட்டுக்கு டிராக்டர் வரல்ல" என்று எவராவது வந்து வாசலில் நின்றால் போதும், "மெரினா, கிஹில்லா பலன்ன" என்பார். போய்ப் பார் என்று அவளை அனுப்பிவிட்டு அவர் உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொள்வார்.

அவளும் போய்ப் பார்ப்பாள். அவளுடைய முறை ஒன்றுதான்: முதலில் பையை ஏற்று, பிறகு நியாயத்தைக் கேள். நாற்றம் வாசலை விட்டுப் போனதுமே பாதிக் கோபம் கூடவே போய்விடும் என்பது அவள் கண்ட அனுபவம். மீதிப் பாதிக்கு அவள் வாய் இருக்கிறது. ஓய்வுபெற்ற செல்வநாயகம் மாஸ்டர் தன் பையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று சபை வரைக்கும் வந்து நின்றார். மெரினா அவர் வீட்டு வாசலில் குந்தி, உக்காத குப்பை போடும் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பிளாஸ்டிக் போத்தலும் பலாச்சக்கையும் ஒன்றாகக் கட்டிப் புரண்டு கிடந்தன. "மாஸ்டர், இவங்க ரெண்டு பேரையும் நீங்களே ஒரே வகுப்புல ஒக்கார வச்சா, நாங்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது?" என்று கேட்டாள். மாஸ்டருக்குக் கோபமாக வர வேண்டியது சிரிப்பாக வந்துவிட்டது. அன்றைக்கு மனைவியிடம் சொல்லி அவளுக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார்.

அவள் புருஷன் ஜெறோம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன். "நான் இத்தனை வருஷமா மண்ணத் தோண்டி ஒண்ணையும் காணல, நீ குப்பையக் கிளறி ஊர் ரகசியமெல்லாம் கண்டுக்கிட்ட" என்று கேலி செய்வான். அவன் சொல்வதும் வாஸ்தவம்தான்.

ஆனால் கோயில் வீதி விவகாரம் மட்டும் இந்தக் கேலியிலும் பிளேன்டீயிலும் அடங்கவில்லை.

கோயில் வீதிக்கு முன்பு திங்கட்கிழமைகளில் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. சபை புதிதாக ஒழுங்கு போட்டபோது அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை டிராக்டர் போனால் வீதி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஹோர்ன் அடித்தாலும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அம்மன் கோயிலில் பூசை, ஒலிபெருக்கியில் பாட்டு, சனமெல்லாம் அங்கே. சரி, இன்றைக்குக் குப்பை இல்லை போல என்று மெரினாவும் சந்தோஷமாகத் திரும்பிவிடுவாள். சனிக்கிழமை விடிந்தால் வீதி நெடுகக் குப்பை கட்டிய சிலிசிலி பைகள். நாய்க்குக் கொண்டாட்டம், காகத்துக்குத் திருவிழா. திங்கட்கிழமை பெரிய வீதிக்குப் போகிற வழியில் அந்த அலங்கோலத்தை மண்வெட்டியால் அள்ளுவது மெரினாவின் தலையெழுத்தாகிவிட்டது.

கடைசியில் சபைக்குப் புகார் எழுதிப் பெட்டிசம் வந்தது. எழுதியவர் பூசைச் சாமான் கடை நடத்தும் மங்கையர்க்கரசி. கோயில் வீதியில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நாய் பையை இழுக்கிற படங்களும் பெட்டிசத்தோடு இருந்தன. டிராக்டர் வெள்ளிக்கிழமை தங்கள் வீதிக்கு வருவதே இல்லை என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். டிரைவர் ஜவ்பர் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் தங்கள் வீதியைத் தாண்டிப் போய்விடுகிறார் என்று இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்.

அந்த ஒரு வரி பசாரைச் சுற்றி வர எத்தனை நேரம் ஆகும்? மீன் கடையிலும் சலூனிலும் அதே பேச்சு. பந்துல மாத்தயாவுக்கும் இந்த முறை உள்ளே போய் ஒளிந்துகொள்ள வழியில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார். குற்றம் உண்மையென்றால் ஜவ்பரை டிராக்டரை விட்டு இறக்கி, கான் வெட்டுகிற, சாக்கடை தோண்டும் வேலைக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மெரினா போய், நானும்தானே வண்டியில் இருந்தேன், போனோம் என்று சத்தியம் செய்தாள். இரண்டு பேரும் ஒரே வண்டி, ஒரே கதைதான் சொல்வீர்கள் என்று மாத்தயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

மெரினாவுக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்றால், ஜவ்பர் அப்படிப்பட்ட மனிதர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்ற டிரைவர்கள் அவள் ஒரு காலை வைத்ததுமே வண்டியை எடுத்துவிடுவார்கள். பின்னால் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு. ஜவ்பர் மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு காலும் ஏறி, கையும் பிடித்த பிறகுதான் கியர் விழும். இதற்காக ஒரு வார்த்தை பெருமை பேசியதில்லை அந்த மனிதர்.

இப்போதும் அவர் சண்டைக்குப் போகவில்லை. "ஹோர்ன் அடிச்ச தானே தங்கச்சி. ஒத்தரும் வரல்ல. நான் என்ன செல்ல?" என்றார், அவ்வளவுதான். ஆனால் பெட்டிசம் வந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அவர் இறங்கவில்லை. டிராக்டரைப் பசார் சந்தியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொழுகை முடிந்து சனம் கலைந்து போகும்வரை அப்படியே இருந்தார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஒரு மனிதனை இப்படி உட்கார வைத்துவிட்டார்களே என்று மெரினாவுக்கு நெஞ்சு எரிந்தது.

விசாரணை திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். கறி அடுப்பில் கொதிக்கிறது, டப்பாவில் உப்பு இல்லை. மெரினா பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடி வெள்ளையம்மாவிடம் ஒரு கரண்டி கேட்டாள்.

"இன்னிக்கு வெள்ளியில்ல?" என்றாள் வெள்ளையம்மா. "வெளக்கு வச்சாச்சு. நாளைக்கு விடியட்டும், ஒரு சட்டி வேணும்னாலும் வாங்கிக்க."

இது மெரினாவுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து இந்த லயத்தில் வெள்ளிக்கிழமை உப்பு வாங்கியவர் இல்லை. சரியென்று திரும்பப் போனவளின் கண், கதவு மூலையில் விளக்குமாற்றுக்கு அடியில் கூட்டி வைத்திருந்த குப்பையில் விழுந்தது. இதை ஏன் வெளியே கொட்டவில்லை என்று கேட்டாள். லெச்சுமி வீட்டுக்கு வந்திருக்கிற நாளில் வீட்டில் உள்ளதை எவளாவது வெளியே தள்ளுவாளா என்று வெள்ளையம்மா திருப்பிக் கேட்டாள். மெரினா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஐயோ, நான் ஒரு மடச்சி! அன்று ஜெறோம் உப்பில்லாத கறியைத் தின்றுவிட்டு ஏதோ சொன்னான், அது அவள் காதில் ஏறவேயில்லை.

சனிக்கிழமை காலையில் நேரே பூசைச் சாமான் கடைக்குப் போனாள். வீதியில் வழக்கம்போலப் பைகள் வரிசை கட்டி நின்றன. மங்கையர்க்கரசி அவளைக் கண்டதும், திங்கட்கிழமை பேச வேண்டியதை இன்றைக்கே பேச வந்துவிட்டாயா என்று முகத்தைத் திருப்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன் முதலாளிமா," என்றாள் மெரினா. "நேத்து உங்க வீட்டுப் பைய வெளிய வச்சீங்களா?"

மங்கையர்க்கரசி கற்பூரப் பெட்டிகளை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கினார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமையில நாங்க குப்பை குடுக்க மாட்டோம்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "இன்னிக்கு விடிஞ்சுதான் வச்சோம். எங்க ஒரு வீட்டுப் பைதானேன்னு நெனச்சேன். மத்தவங்க வச்சிருப்பாங்கன்னு."

மெரினா வாசலில் நின்ற அயல்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்டாள். வீதி முழுக்க ஒவ்வொரு வீடும் அப்படித்தான் நினைத்திருந்தது. எங்கள் வீடு மட்டும் கொடுக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்திருப்பார்கள், அப்படியும் சனிக்கிழமை வீதியில் இவ்வளவு குப்பை கிடக்கிறதே, அப்படியானால் டிராக்டர் வரவே இல்லை! கேட்கக் கேட்க மெரினாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

இதை எப்படிச் சபையில் போய்ச் சொல்வது, சிரிப்பார்களே என்று அவர் தவித்தார். பெட்டிசத்தைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றார். பேப்பரை வாங்கலாம், பசார் வாயில் இருக்கிறதை யார் வாங்குவது என்று மெரினா கேட்டாள். ஜவ்பர் இப்போது பாங்கு சொன்னாலும் டிராக்டரை விட்டு இறங்குவதில்லை என்பதையும் சொன்னாள். 

திங்கட்கிழமை அவர் பட்டுச்சேலை உடுத்தி விசாரணைக்கு வந்தார். பந்துல மாத்தயாவின் முன்னால் நின்று, நல்ல சிங்களத்தில், தப்பு தங்கள் பக்கம்தான், வெள்ளிக்கிழமை தங்கள் வீதியில் எந்த வீடும் குப்பையை வெளியே அனுப்பாது, கிழமையை மாற்றிய அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றார். மாத்தயா சிரிக்கவில்லை. தன் அம்மாவும் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஒரு நெருப்புக் குச்சியைக்கூட வெளியே விடமாட்டார் என்று சொல்லிவிட்டு, சண்டையில்லாமல் முடிந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் தேநீர் சொன்னார். கோயில் வீதிக்கு வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை சர்ச் வீதிக்கு என்று மாற்றி எழுதினார். ஜவ்பர் டிராக்டரிலேயே இருக்கலாம் என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்ததா? மெரினாவைக் கேட்டால் இல்லை என்பாள். மங்கையர்க்கரசி குப்பையைப் பற்றிச் சொன்னாரே தவிர, பள்ளிக்கு ஓடுகிறார் என்று எழுதிய அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜவ்பர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேலையைச் சரி செய்துகொண்டு போய்விட்டார். ஜவ்பர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "உடு தங்கச்சி," என்றார். மெரினாவுக்கு விட மனமில்லை. வழியெல்லாம் பட்டுச்சேலையைத் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சர்ச் வீதியில் ஏற்றியது வண்டி நிறைய. முந்திய நாள் யாரோ கல்யாண வீட்டுக்காரர் வாழையிலையும் இறால் தோலுமாக மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். வெயிலில் அந்த வாடை குடலைப் பிடுங்கியது. பசாருக்குள் வரும்போது எதிரே பஸ் ஒன்று சிக்கிக்கொள்ள, ஜவ்பர் டிராக்டரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. ஓரம் கட்டிய இடம் பூசைச் சாமான் கடை வாசல். உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பஸ் போனதும் எடுத்துவிடலாம் என்று மெரினா நினைக்கும்போதே பள்ளியில் பாங்கு தொடங்கியது. ஜவ்பர் என்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. வழக்கம்போல ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். விசாரணை முடிந்தாலும் பசாரின் கண் முடியவில்லை என்று அவர் நினைத்தார் போலும்.

மங்கையர்க்கரசி கடைக்கு வெளியே வந்தார். வாசலை விட்டு எடுங்கள் என்று சொல்லத்தான் வருகிறார் என்று மெரினா வாயைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"நானா," என்றார் அவர். அதுவரை ஜவ்பரை டிரைவர் என்று மட்டும் கூப்பிட்டவர், இன்று அண்ணன் முறை வைத்தார். "பாங்கு சொல்றாங்க. நீங்க போயிட்டு வாங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்."

ஜவ்பர் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த குப்பையையும் பார்த்தார். "வெள்ளிக்கெழம, நாறுமே," என்றார்.

"நாறட்டும் நானா. நான் எழுதினதவிடவா?"

ஜவ்பர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கி, வீதியோரப் பீலித் தண்ணீரில் கை கால் முகம் கழுவி, பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிப் பக்கம் நடந்தார். மங்கையர்க்கரசி கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து, டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஈ மொய்த்தது. முந்தானையால் விசிறிக்கொண்டார். கற்பூரம் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதென்ன இன்றைக்குப் போய் வாசலில் குப்பை வண்டி என்று கேட்டார்கள். கேட்காமல் போனவர்களையும் அவர் கூப்பிட்டு நிறுத்தினார். பசார் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஜவ்பர் நானா பள்ளிக்குப் போயிருக்காரு. தொழுதுட்டு வருவாரு."