சோனியாவின் சாட்சி

உடம்பில் அழிந்துபோன ஒன்றைத் திரும்பப் பெறுவதும், அது செய்துவந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதும் ஒன்றுதானா? மருத்துவருக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உயிர் ஓடினால் போதும். சோனியாவுக்கு அந்த வேறுபாடுதான் எல்லாமே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். கணவன் ராபின் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் ஆள். இருவரின் பெற்றோரும் ஆரணிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மகள் பிறந்தபோது சோனியாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எப்படியோ பிழைத்தாள். ஆனால் பால் சுரக்கவில்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. புருவ முடி உதிர்ந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். ரத்தசோகை, பலவீனம், சோம்பல் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மாமியார் சொன்ன பெயருக்கு மருந்தே கிடையாது: "நடிப்பு."

வருடங்கள் இப்படியே போயின. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் மயங்கிச் சரிந்தவளைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் உண்மை தெரிந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, பிரசவத்தில் ரத்தம் வடிந்த அந்த நேரத்தில் ரத்தமில்லாமல் பெரும்பகுதி செத்துவிட்டது. தைராய்டு சுரப்பியும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதன் உத்தரவுக்குக் காத்துச் சும்மா கிடந்தன. இரண்டு மாத்திரைகள் எழுதினார்கள். ஒன்று தைராய்டுக்கு, மற்றது அட்ரீனலுக்குப் பதிலாக ஸ்டீராய்டு.

"எப்ப நிறுத்தலாம் சார்?"

"நிறுத்தவே கூடாதும்மா. ஜுரம் வந்தா இன்னும் கூடவே போடணும்."

"சத்தா எதனா சாப்ட்டா அது திரும்ப வளராதா?"

"சத்து கொறஞ்சிருந்தா சத்து குடுக்கலாம். எலும்புக்குக் கால்சியம் நானே எழுதியிருக்கேன். செத்த சுரப்பிய எந்த மாவும் எழுப்பாது."

எழுப்பாது என்ற சொல் அவளுக்குள் இறங்கவில்லை. மரித்தவர்கள் எழுப்பப்பட்ட கதைகளை ஞாயிறுதோறும் சபையில் கேட்டு வளர்ந்தவள்.

ராபினின் அக்கா கிரேஸ் அடுத்த தெருவில் இருந்தாள். தன் வீட்டு முன்னறையில் சத்துப்பானக் கிளப் நடத்தினாள். விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறையும். எல்லோரும் எடை பார்ப்பார்கள், மிக்ஸியில் அடித்த மாவைக் குடிப்பார்கள். கிரேஸ் ஏமாற்றுக்காரி அல்ல. அந்த மாவைக் குடித்து எடை குறைந்து, மூட்டுவலி விட்டு எழுந்து நடந்தவள். தனக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று நம்பினாள். பழைய பிழை அது; அவள் கண்டுபிடித்ததல்ல.

வாரத்தில் ஒருநாள் அங்கே 'ரிசல்ட்' சொல்வார்கள். குணமானவர் எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் கைதட்ட வேண்டும். பிறகு அவர் விட்டுவிட்ட மாத்திரையின் காலி அட்டையை ஊசி நூலில் கோப்பார்கள். பிரஷர் மாத்திரையும் வாயு மாத்திரையும் சேர்ந்து மாலையாகி, சுவரில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் தொங்கின. சபையில் சாட்சி சொல்லிப் பழகிய ஜனங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

"ஸ்டீராய்டுன்னா இன்னான்னு தெரியுமா சோனியா?" என்றாள் கிரேஸ். "மூஞ்சி பூசணிக்கா மாரி ஊதிக்கும். எலும்பு அப்பளம் மாரி நொறுங்கும்."

"டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னாரு அண்ணி."

"அவுரு அப்டித்தான் சொல்லுவாரு. ஆயுசுக்கும் குடுத்துக்கினே இருன்னா அது வைத்தியமா, வாடகையா?"

நாற்காலிகள் சிரித்தன. சோனியாவும் சிரித்தாள்.

மாத்திரையையும் மாவையும் அவள் ஒரே வாரத்தில் தொடங்கினாள். சில வாரங்களில் உடம்பு வந்தது. பசித்தது. குளிர் விட்டது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். இரண்டில் எது வேலை செய்தது என்று உடம்பு சொல்லாது. கைதட்டியவர்கள் சொன்னார்கள்.

ரிசல்ட் நாளில் எழுந்து நின்றாள். "எனக்கு ஒடம்பு திரும்ப வந்துச்சி. துணி தோய்க்கிறேன். பொண்ணத் தூக்கறேன்." அவ்வளவுதான் சொன்னாள். குப்பம்மாள் என்ற வயதான பெண் அழுதுகொண்டே அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிரேஸ் சோனியாவின் பையிலிருந்து காலியான ஸ்டீராய்டு அட்டையை எடுத்து நூலில் கோத்தாள். மாத்திரையை விட்டுவிட்டதாகச் சோனியா சொல்லவில்லை. சுவரில் தொங்கிய அட்டை சொன்னது.

வீட்டில் அடுத்த அட்டை பிரிக்காமல் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் சத்தமில்லாமல் ஒன்றை விழுங்கியிருப்பாள். சோனியாவால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்றுவிட்டு வீட்டில் ஒளிந்து மாத்திரை போடுவது அவள் கணக்கில் பொய்ச்சாட்சி. சொன்னது உண்மையாக வேண்டுமானால் உடம்பு அதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினாள். ராபின் கேட்கவில்லை, முகம் தெளிந்திருக்கிறவளை யாரும் கேட்பதில்லை. இதை நேர்மை என்று சொல்லலாம். ஆனால் எதன்மேல் நிற்கிறோம் என்று பார்க்காத நேர்மை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலைவாரக் கை தூக்க முடியவில்லை. சோறு கொதிக்கிற வாசனையில் வாந்தி வந்தது.

"கழிவு வெளிய போவுது, நல்லதுதான்," என்றாள் கிரேஸ். "ஒரு ஸ்பூன் சேத்துப் போட்டுக்க."

மழை தொடங்கியதும் தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. மற்றவர்கள் படுத்து எழுந்தார்கள். சோனியா எழவில்லை. ஒரு மத்தியானம் அவளை எழுப்பப்போன மகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். ராபினும் கிரேஸும் ஷேர் ஆட்டோவில் அவளைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கை சில்லிட்டிருந்தது. நாடி பிடிபடவில்லை.

"ஏற்கெனவே எதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"தைராய்டு மாத்திரை சார்," என்றான் ராபின். பயத்தில் மற்றது அவன் வாயில் வரவில்லை.

குளுக்கோஸ் ஏறியது. பிரஷர் ஏறவில்லை. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். கிரேஸ் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"சார்... ஸ்டீராய்டு போட்டுக்கினு இருந்தா. நிறுத்திட்டா. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

மருத்துவர் ஸ்டீராய்டு ஊசிக்குக் கத்தினார். பொழுது சாய்வதற்குள் சோனியா கண் திறந்தாள். கிரேஸ் சொன்னதுதான் அவளைக் காப்பாற்றியது. அதற்காக அவளைப் பாராட்ட மனம் வராது. அது வாயைவிட்டு வருவதற்குள் ஒரு பாட்டில் முழுக்க ஏறி முடிந்திருந்தது.

வராந்தாவில் ராபின் அக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்டான்: "செவுத்துல மாலை கோத்து வெச்சிக்கீறியே, அத்த இவ போட்டோவுக்குப் போடலாம்னு பாத்தியா?"



வார்டில் சோனியா மருத்துவரைக் கேட்டாள்: "அப்ப எனக்கு இவ்ளோதானா சார்?"

"மாத்திரைய விடாம போட்டா எல்லார் மாதிரியும் இருக்கலாம்மா."

"மாதிரி," என்றாள் அவள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மகளை உள்ளே அழைத்துவந்தபோதும் திரும்பவில்லை. காலையில் நர்ஸ் மாத்திரையை நீட்டியதும் கையேந்தி வாங்கி விழுங்கினாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் ஒன்று சொன்னார். வாந்தி வந்தால் மாத்திரை உள்ளே தங்காது. அப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே தொடையில் ஸ்டீராய்டு ஊசி போட்டாக வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும். மருந்து வீட்டில் இருக்க வேண்டும், போடத் தெரிந்த ஆளும் அருகில் இருக்க வேண்டும்.

ராபின் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு இளமதி நின்றாள்; கிளினிக்கில் நர்ஸாக இருப்பவள். "அவர் ஷிப்ட்டுக்குப் போனாலும் நான் கீறேன் சார்," என்றாள்.

சோனியா கதவைப் பார்த்தாள். உள்ளே வரத் துணியாமல் கிரேஸ் வெளியே நின்றிருந்தாள்.

"எங்க அண்ணிக்குச் சொல்லிக் குடுங்க சார்."

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்று ராபின் கத்தினான். "உன்ன சாவடிக்கப் பாத்தவ அவ!"

ஏன் என்று பின்னாளிலும் அவன் கோபமாகவும் கெஞ்சியும் கேட்டான். இளமதி மனம் நொந்து கேட்டாள். கிரேஸே ஒருமுறை அழுதுகொண்டு கேட்டாள். யாருக்கும் சோனியா காரணம் சொன்னதில்லை.

நர்ஸ் கிரேஸை உள்ளே அழைத்து, மருந்து ஏற்றாத சிரிஞ்சை அவளிடம் கொடுத்தாள். சோனியா போர்வையை விலக்கி, ஊசி போட வேண்டிய இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டினாள்.