பாகு மாஸ்டர் பூவனலிங்கத்தின் வெறும் வயிறு

தொண்ணூறுகளில் கோவில்பட்டியின் உள்தெருக்களில் விடிகாலையில் நடந்தவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. ஐந்து மணிக்கே வெல்லப்பாகு வாசம் தெருவுக்கு வந்துவிடும். பல் விளக்காத வாயில் எச்சில் ஊறும். காமராஜ் முதலாளியின் கடலைமிட்டாய் கம்பெனி இருந்த தெருவில் அந்த வாசத்துக்குப் பொறுப்பாளி பூவனலிங்கம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், இரண்டு அடுப்பு, பாக்கெட் போட எட்டுப் பெண்கள், அவ்வளவுதான்.

பூவனலிங்கம் அங்கே பாகு மாஸ்டர். முப்பத்தோரு வருஷம். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது இறுகியதும் எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டுவார். டக்கென்று சத்தம் கேட்டால் பதம். சத்தம் மங்கலாக இருந்தால் இன்னும் ஒரு நிமிஷம். பிறகு வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் ஓர் ஓரத்தில் மூலையை ஒடித்து வாயில் போடுவார். அவர் தலை அசைந்தால்தான் அந்தப் பலகையில் கத்தி இறங்கும். மதியத்துக்குள் பன்னிரண்டு சட்டி, பன்னிரண்டு மூலை. அண்ணாச்சி உடம்பைக் கீறினால் ரத்தம் வராது, பாகுதான் வரும் என்று பாக்கெட் போடுகிற ஆனந்தி சொல்வாள். அவர் சிரிப்பார். நல்ல வெள்ளைச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் முதலில் போயிற்று. நடுக்கம்கூட அப்புறம்தான் வந்தது. முகம் இறுகிப்போய், கேலி பேசினாலும் ஒரு அசைவு இல்லை. கோபமாக இருக்கிறார் என்று எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். சட்டைப் பொத்தான் போட அரைமணி ஆகிறது என்பதை அவர் மனைவி வள்ளித்தாய் மட்டும் கவனித்தாள். பிறகு வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசத் தொடங்கின. சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாருக்கோ விபூதி கொடுக்கப்போகிறவர் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அகப்பையிலிருந்து பாகு தளும்பித் தரையில் விழுந்தது. யார் மேலும் படவில்லை. ஆனால் காமராஜ் பார்த்துவிட்டார். காமராஜ் இளையவர், நாற்பது வயசு இருக்கும். அப்பா காலத்து ஆளை மரியாதையாகத்தான் நடத்துவார். அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, இது கொதிக்கிற பாகு. உங்க மேல விழுந்தாலும் பாவம், அந்தப் பிள்ளைக மேல விழுந்தாலும் பாவம். நல்ல டாக்டரப் பாருங்க. குணமாகலன்னா பாக்கெட் பக்கம் வந்து உக்காந்துருங்க."

பாக்கெட் பக்கமா! அந்தச் சொல் பூவனலிங்கத்துக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அடுப்பை விட்டுவிட்டு, மெழுகுவர்த்தியில் பிளாஸ்டிக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று வீட்டில் வந்து சொன்னார். வள்ளித்தாய் மறுநாளே அவரைத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். தானும் கூடவே ஏறிக்கொண்டாள்.

டாக்டர் சுதாராணி கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியதைப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் என்றார். இதை அடியோடு போக்க மருந்து இல்லை, ஆனால் ஓடுகிற வண்டியாக வைத்திருக்க மருந்து உண்டு என்றார். காலை, மதியம், சாயந்தரம் மூன்று மாத்திரை. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. குமட்டினால் ஒரு பிஸ்கட் தின்னலாம்.

பிறகு வள்ளித்தாயைப் பார்த்து விரலை ஆட்டிச் சொன்னார். "நீங்களா கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. திடீர்னு நிறுத்தவே கூடாது. நிறுத்தினா உடம்பு மரக்கட்டையாகி, காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். வாந்திக்குன்னு கடையில கேட்டு எதையும் வாங்கிக் குடுக்காதீங்க, சில மாத்திரை இதுக்கு எதிரா வேலை செய்யும். உடம்பு தானா முறுக்கி ஆடினாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சாலோ, எந்திரிச்சு நிக்கும்போது தலை சுத்தினாலோ உடனே சொல்லணும்." வள்ளித்தாய்க்கு எழுதத் தெரியாது. பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாத்திரை என்னவோ வினோதமாக வேலை செய்தது. காலையில் ஆறு மணிக்குக் கம்பெனியில் வைத்துப் போடுவது உடம்பில் பிடிக்கவே இல்லை. மதியத்து மாத்திரையும் அரைகுறைதான். அடுப்பு முன்னால் கை உதறும், கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். ஆனால் சாயந்தரம் வீட்டில் கடுங்காப்பிக்கு முன்னால் போடுகிற மாத்திரை இருக்கிறதே, அது ராஜ மாத்திரை. முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும், கால் இளகும். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூவனநாத சுவாமி கோயிலுக்கு விறுவிறுவென்று நடந்து போய்விடுவார்.

அங்கேதான் வந்தது வினை. ஒரு சாயந்தரம் கோயில் வாசலில் காமராஜ் அவரைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை கம்பெனியில், எட்டுப் பெண்களும் கேட்க, "என்ன அண்ணாச்சி, சாயந்தரம் குதிரை நடை நடக்குதீங்க, காலையில இங்க வந்ததும் நடுங்குதீங்க. வேலைக்கு மட்டும்தான் அந்த நோய் வருதோ?" என்றார்.

பூவனலிங்கம் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார். அவருக்கே காரணம் தெரியாதபோது என்னத்தைச் சொல்ல? நோய் வந்தது கூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் பொய்யாக லீவு கேட்டதில்லை. நடிக்கிறவன் என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டதே இந்த உடம்பு என்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலை மருந்து கேட்கவில்லை என்று மறுபடி திருநெல்வேலிக்குப் போனார்கள். "வெறும் வயித்துலதான போடுதீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஆமாம்மா" என்றார் பூவனலிங்கம். பொய் இல்லை, மனசறிய அதுதான் உண்மை. டாக்டர் காலை, மதிய அளவை ஒன்றரையாகக் கூட்டினார். அதுவும் காலையில் பிடிக்காமல் போகவே, வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இன்னும் அரை மாத்திரையைத் தானாகச் சேர்த்துக்கொண்டார் நம் ஆள். பாக்கெட் பக்கம் போய்விடுவோமோ என்ற பயம் அவரை அப்படி ஆட்டியது.

ஐப்பசியில் கம்பெனி அடுப்பு விரிசல் விட்டது. இடித்துக் கட்ட ஒரு வாரம் லீவு. பூவனலிங்கம் வீட்டில் இருந்தார். கூட்டிய அளவிலேயே மாத்திரையும் போட்டார். இரண்டாம் நாள் தோளும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பித்தன. காற்றில் துணி ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம், நிறுத்த முடியவில்லை. மூன்றாம் நாள் பட்டப்பகலில் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "ஏட்டி வள்ளி, யாரு வீட்டு ஆட்டுக்குட்டி இது? பசியில கெடக்கு, தண்ணி வை" என்றார். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பைத் தவிர ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுச் சீனித்தாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அந்த மாத்திரை பண்ணுத வேலை. மொதல்ல அதத் தூக்கிச் சாக்கடையில போடு மதினி" என்றாள். வள்ளித்தாய் அட்டையைக் கையில் எடுத்தே விட்டாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். மரக்கட்டை, காய்ச்சல், உயிருக்கு ஆபத்து என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தது நெஞ்சுக்குள் ஓடியது. மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

பூத்துக்காரர் நம்பர் போட்டுக் கொடுத்தார். டாக்டர் லைனில் வந்தார். வள்ளித்தாய் முறுக்கல், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அட்டையில் எத்தனை மிச்சம் என்று டாக்டர் எண்ணச் சொன்னபோதுதான் கணவன் செய்த திருட்டு அரை மாத்திரை வெளிப்பட்டது. "அந்தக் கூடுதல் அரையை மட்டும் விட்டுருங்க. மத்ததை நிறுத்தாதீங்க. நாளைக்குக் காலையில எல்லா மருந்தையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் டாக்டர் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். "இத்தனை நாள் பத்தாத மருந்து, இந்த வாரம் மட்டும் எப்படி அதிகமாச்சு? வீட்ல இருந்தப்ப சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலம்மா. அதே கம்மங்கூழு, அதே ரசம்" என்றாள் வள்ளித்தாய்.

"கம்பெனியில மாத்திரை போடும்போது கூட என்ன சாப்பிடுவார்?"

"ஒண்ணும் சாப்பிடமாட்டேன்" என்றார் பூவனலிங்கம். "குமட்டுதேன்னு ஒரு மூலை மிட்டாயக் கடிச்சுக்கிடுவேன். அப்புறம் சட்டிக்கு ஒரு மூலை பதம் பாப்பேன். மதியத்துக்குள்ள ஒரு பன்னெண்டு இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பன்னெண்டு துண்டு கடலைமிட்டாய். அது சாப்பிடுறது இல்லையா?"

"அது வேலைம்மா" என்றார் பூவனலிங்கம். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. நிதானமாக எடுத்துச் சொன்னார். கடலையில் புரதம் அதிகம். அந்தப் புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கடலை முண்டியடித்துக்கொண்டு போனால் மருந்து வெளியே நிற்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகும். கம்பெனியில் மருந்து வெளியே நின்றது. பிடிக்கவில்லை என்று அளவு கூடியது. வீட்டில் வாசல் காலியாக இருந்தது, கூட்டிய மருந்து மொத்தமும் உள்ளே போய் ஆட்டி வைத்துவிட்டது. வள்ளித்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "முப்பத்தோரு வருஷமாத் தின்னுக்கிட்டே இருந்துட்டு, ஒண்ணும் திங்கலன்னு என்கிட்டயும் சொன்னிய" என்று அங்கேயே அவர் தோளில் ஒரு இடி இடித்தாள்.

அளவு பழையபடி ஒன்றானது. விடிய நாலரைக்கு வீட்டில் வெறும் தண்ணீரோடு மாத்திரை, கொஞ்ச நேரம் கழித்துக் கூழ், மதியம்வரை கடலை வாயில் படக் கூடாது. கடலையும் பருப்பும் ராத்திரிச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் ஆட்டுக்குட்டி போய்விட்டது, நெளிவும் அடங்கியது. இதைக் காமராஜிடம் சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம கடலைய இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல அண்ணாச்சி" என்றார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சரி, பொங்கல்வரை நில்லுங்க, பாப்போம் என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் வந்த ஏழு வாரம்! அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். கார்த்திகைக் குளிரில் அடுப்பு வெளிச்சத்தில் பூவனலிங்கம் நின்ற நிலை, கை அகப்பையோடு சேர்ந்து சுழன்ற சுழற்சி, பழைய வெள்ளைச் சிரிப்பில் பாதியாவது திரும்பி வந்தது எல்லாம் சொல்வார்கள். மூலையை ஒடித்து ஆனந்தியிடம் நீட்டி, "சொல்லு தாயி" என்பார். அவள் சாமி பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி" என்பாள். எல்லாச் சட்டிக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். மற்ற ஏழு பேருக்கும் அதில் பொறாமை. முறை வைத்துத் தின்ன வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு சந்தோஷமான மார்கழி அந்தக் கம்பெனிக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். இரண்டே விநாடி, சரியாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. வள்ளித்தாயிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை கையில் பாகு நிறைந்த அகப்பை இருந்தது. இரண்டடி தள்ளி ஆனந்தி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அகப்பை சாய்வதற்குள் இருட்டு விலகிவிட்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பூவனலிங்கம் அகப்பையைச் சட்டிக்குள் இறக்கினார். கை நடுங்கவே இல்லை. மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

காமராஜ் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மெட்ராஸுக்குப் போகிற பொங்கல் ஆர்டர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, செத்த இங்கன வாங்க" என்று பூவனலிங்கம் கூப்பிட்டார். வந்ததும் தணிந்த குரலில் சொன்னார். "எந்திரிக்கையில கண்ணு இருட்டுது. நேத்தும் வந்துச்சு, நேத்து நான் சொல்லல. அந்த மருந்துக்கு இப்படியும் உண்டுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. இனிமே நான் பாகுகிட்ட நிக்கப்பிடாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எட்டுப் பெண்கள் முன்னால் குதிரை நடை என்று கேட்ட மனிதர், கட்டாயம் ஏதாவது கேட்பார். பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க என்பார். அதெல்லாம் ஒண்ணுமில்ல, நில்லுங்க அண்ணாச்சி என்று சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொல்ல மாட்டாரா என்று உள்ளுக்குள் ஒரு ஆசைகூட இருந்தது.

காமராஜ் ஒன்றுமே கேட்கவில்லை. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கையை நீட்டி அகப்பையை வாங்கிக்கொண்டார்.

"சரி அண்ணாச்சி. உக்காருங்க. டாக்டர்ட்ட போக கார் வரச் சொல்லுதேன்" என்றார்.

அந்த மனிதர் தன்னை நம்ப வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார் பூவனலிங்கம். இன்றைக்கு ஒரு கேள்விகூட இல்லாமல் நம்பிவிட்டார். பூவனலிங்கம் முக்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எட்டுப் பெண்கள் பார்க்க அழுதார்.