அவரை டீச்சரும் நான்கு விதைகளும்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பை இருபத்தாறு ஆண்டுகள் நடத்தியவருக்கு அவரை டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர். ஊதியப் பட்டியலைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் அதுவே நிலைத்துவிட்டது. அடுத்த அறையில் நான்காம் வகுப்பை நடத்தியவள் நான்.

ஆண்டுதோறும் பிள்ளைக்கு ஒரு தகர டப்பா, ஓர் அவரை விதை. ஈரப் பஞ்சில் முளை கண்டதும் மண்ணுக்கு மாற்றுவார்கள். சன்னலோரம் வரிசையாக வைத்து, வாரம் ஒருமுறை அளவுகோலால் உயரம் குறிப்பார்கள்.

"செடிக்கும் வருகைப் பதிவு எடுக்கறீங்களா அக்கா?" என்று கேட்பேன்.

"உன் வகுப்புப் பிள்ளைங்களைவிட இதுங்க ஒழுங்கா வருது" என்பார்.

சுவரில் அவர் வரைந்த வட்டப் படம் ஒன்று தொங்கியது: விதை, முளை, செடி, பூ, காய், மறுபடியும் விதை. ஆனால், அந்தக் கடைசிப் படியை அவருடைய வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை. காய் பிடித்து இலை பழுக்கத் தொடங்கும் வேளையில் பெற்றோர் வருகை நாள் வந்துவிடும். வாடிய செடி பார்வைக்கு நன்றாக இராது என்று டப்பாக்களை அகற்றிவிட்டு, கடையில் வாங்கிய விதையைக் காட்டிப் பாடத்தை முடித்துவிடுவார். யாரும் கேட்டதில்லை.

ஓர் ஆண்டு ஒரு சிறுமி கேட்டாள். தபால்காரரின் மகள், அதிகம் பேசாதவள். அவளுடைய செடியில் ஒரே ஒரு காய். தினமும் காலையில் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இடத்தில் அமர்வாள்.

"டீச்சர், இது காயற வரைக்கும் விட்டுடலாமா? எனக்கு இதோட விதைதான் வேணும்."

"விட்டுடலாம். உன்னோடதை யாரும் தொடமாட்டாங்க."

வாக்குக் கொடுத்தவர் மறந்துவிட்டார். பெற்றோர் வரும் நாளுக்கு முந்திய மாலை, பள்ளியைப் பெருக்கும் ஆயாவிடம், "சன்னல்ல இருக்கறதை எல்லாம் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்ணத்தாள் ஒட்டப் போனார். மறுநாள் காலை சிறுமி வெறும் சன்னலின் முன்னால் நின்றபோதுதான் நினைவு வந்தது. வாசலில் பெற்றோர் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"உன் காயைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். சாயங்காலம் தர்றேன்" என்றார்.

மாலையில், கடை விதையில் ஆறை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சிறுமி அதை மேசைமேல் பிரித்து எண்ணினாள்.

"என் காயில நாலு மேடுதான் டீச்சர் இருந்துச்சு."

நான்கை எடுத்துக்கொண்டு இரண்டைத் தள்ளி வைத்தாள். "இது வேற யாரோடதோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆசிரியர் அறையில் இதை என்னிடம் சிரிப்பாகவே சொன்னார். "நல்ல வேளை, நம்பிட்டா." நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஆயா எங்கள் இருவரிடமும் பேச்சுவாக்கில் சொன்னார்: "தபால்காரர் பொண்ணு அன்னைக்கு மத்தியானமே வந்து கேட்டுச்சு டீச்சர். குப்பை வண்டி காலையிலயே போயிடுச்சுன்னேன். அழல, ஒண்ணும் சொல்லல. பேசாம போயிடுச்சு."

அப்படியானால், பொட்டலத்தை வாங்கும்போதே அவளுக்குத் தெரியும்.

ஆண்டு முடிய ஐந்து வாரங்கள் இருந்தன. நாளைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று டீச்சர் ஒவ்வொரு நாளும் என்னிடம் சொல்வார். விடைத்தாள், காய்ச்சல், தலைமையாசிரியர் கூப்பிட்டார், சாக்குகளுக்கா பஞ்சம்? சிறுமி வழக்கம்போல் வணக்கம் சொன்னாள், கொடுத்ததை எழுதினாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. விடுமுறையில் தபால்காரருக்கு மாற்றல் வந்து, குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதன்பின் டீச்சர் டப்பாக்களை அகற்றவே இல்லை. "இது வகுப்பா, காய்ஞ்ச காடா?" என்று தலைமையாசிரியர் கடிந்துகொண்டபோதும் அசையவில்லை. காய்கள் சருகாகும்வரை விட்டுவைத்து, பிள்ளைகளையே உரிக்கச் சொன்னார். அந்த ஆரவாரத்தின் நடுவே அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருக்கலாம். பெரியவங்ககிட்ட எத்தனையோ தப்பை ஒத்துக்கிட்டிருக்கேன். எட்டு வயசுப் பிள்ளைகிட்ட வாய் வரல."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நான் மாட்டிக்கக் கூடாதுன்னு அது வாயை மூடிக்கிச்சு பாரு. அந்த வருஷம் நான் அதுக்குக் கத்துக்கொடுத்தது அதைத்தான்."